நாலாவது பாட்டில் நூறு

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

வெறும் வயிற்றில் சர்க்கரை 168. நடை: இல்லை.

இந்த நோட்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. அட்டையில் ஒரு நரைத்த தலைக்காரர் ஓடிக்கொண்டே சிரிக்கிறார். எனக்கு ஓடினால் சிரிப்பு வராது. சிரித்தாலே மூச்சு வாங்குகிறது. தினமும் சர்க்கரை அளவு, நடந்த நேரம், மனநிலை மூன்றையும் எழுதி மாதக் கடைசியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மனநிலைக்கு மூன்று வரி ஒதுக்கியிருக்கிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து சுற்றறிக்கையாக எழுதித் தள்ளுகிறவனுக்கு மூன்று வரி எந்த மூலைக்கு? நாளைய பக்கத்திலும் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

மனநிலை: இட்லி இரண்டோடு நிறுத்தியதால் மோசம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

171. நடை: வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை. (நிறுத்தம் எங்கள் குடியிருப்பின் வாசலில்தான் இருக்கிறது.)

ஆகஸ்ட் 7, வியாழன்

165. நடை: இல்லை. மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

சாயங்காலம் நித்திலா போனை நீட்டினாள். மகளுக்குப் பதினாறு வயது. அவளாக வந்து என்னிடம் போனைக் காட்டுவது வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். அதனால் சட்டென்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

‘பழங்கஞ்சி கேம்ஸ்’ என்று ஒரு யூடியூப் சானலாம். பவன் என்கிற தாடிக்காரப் பையன் பழைய கம்ப்யூட்டர் கேம்களைத் தோண்டியெடுத்து ஆடிக் காட்டுகிறான். இந்த வாரம் ‘காலாட்டம்’. 2006-இல் சென்னையில் சிலந்தி சாஃப்ட் என்ற கம்பெனி போட்ட டான்ஸ் கேம். ஒரு சிடி, அதோடு ஒரு பிளாஸ்டிக் பாய். பாயில் நான்கு பக்கமும் அம்புக்குறி. பாட்டு ஓடும்போது திரையில் அம்புகள் மேலே ஏறும். அம்பு கோட்டைத் தொடும் நேரத்தில் பாயில் அதே அம்பை மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் திரையிலிருக்கும் டிஸ்கோ தங்கவேல் ஆடுவான். அவனுக்கு முழங்கை பின்பக்கமாக மடங்கும். மூன்றாவது பாட்டில் தலை தோளுக்குள் போய்விடும். தொடர்ந்து மூன்று முறை தப்பாக மிதித்தால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்து டீ குடிப்பான், எழுந்திருக்கவே மாட்டான், கம்ப்யூட்டரை அணைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

“இதைவிட மோசமான கேம் நான் ஆடினதே இல்ல மக்களே. இதைவிட ஜாலியான கேமும் ஆடினதில்ல!” என்று பவன் தரையில் விழுந்து சிரிக்கிறான். நானும் சிரித்தேன். பிறகு அவன் நாலாவது பாட்டுக்கு வந்தான். நாலு, ஏழு, ஒன்பது ஆகிய மூன்று பாட்டுகளிலும் அம்புகள் கொட்டுச் சத்தத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளி வருகின்றன. கொட்டைக் கேட்டு ஆடினால் ஒரு மிதிகூடத் தேறாது. கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலை நிறுத்திக் காட்டினான். நிரலாக்கம்: ம. ரெஜினா. “ரெஜினாக்கா, எந்தக் கையால புரோகிராம் எழுதுனீங்க? இடது காலாலயா?” என்று கேட்டு அந்த அரை எண்ணிக்கைக்கு ‘ரெஜினா கேப்’ என்று பெயரே வைத்துவிட்டான். ஆறு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

“அப்பா, கல்யாணத்துக்கு முன்னாடி ஏதோ கேம் கம்பெனில இருந்தேன்னு சொல்லுவியே. இதுவா?”

“கொஞ்ச நாள். எடுபிடி வேலை.”

“ரெஜினாக்காவைத் தெரியுமா?”

“எத்தனையோ பேர் வருவாங்க போவாங்க.”

உண்மையிலேயே எனக்கு அந்தப் பெண்ணைச் சரியாக ஞாபகமில்லை. மைக்கேல் மகள் ரெஜினா. தூத்துக்குடி. டிபன் பாக்ஸைத் திறந்தால் ஆபீஸ் மாடி முழுக்கக் கருவாடு மணக்கும். யோசிக்கும்போது பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு அப்புறம் பேனாவைத் தேடுவார்.

மனநிலை: சாதாரணம்.

ஆகஸ்ட் 9, சனி

170. நடை: பரணுக்கு ஏணியில் ஏறி இறங்கினேன், மூன்று தடவை. டாக்டர் இதைக் கணக்கில் சேர்ப்பாரா தெரியவில்லை.

காலாட்டம் சிடியும் பாயும் பழைய மிக்ஸி அட்டைப் பெட்டிக்குள் இருந்தன. கோமதி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, “எங்கம்மா குடுத்த பித்தளை அண்டா எங்கன்னு கேட்டா முழிப்பீங்க. இது மட்டும் பாலிதீன் சுத்தி நாப்தலின் உருண்டை போட்டு வச்சிருக்கு” என்றாள். என் மனைவிக்கு எந்த விஷயத்தைக் கவனிக்கக்கூடாதோ அதைக் கவனிப்பதில் தனித் திறமை.

நித்திலா என் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து ஏதேதோ செய்து உயிர் கொடுத்தாள். பாயில் வலது அம்பு மரத்துப்போயிருந்தது. உள்ளே அலுமினியத் தாளை ஒட்டிச் சரிசெய்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். முதல் பாட்டு. எட்டாவது அம்பிலேயே “ஏய், கால் எங்க போச்சு?” என்று கத்தியது. அது எங்கள் கம்பெனி வாட்ச்மேன் குரல். குரல் கொடுக்க ஆள் வைக்க வசதியில்லாமல் அவரைக் கூப்பிட்டுப் பேச வைத்தோம். இன்னும் இரண்டு தப்பு. தங்கவேல் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன்.

உடற்பயிற்சிக்காகத்தான் இதைத் தேடி எடுத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

162. ஆட்டம்: 25 நிமிடம்.

கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்து, மேலே கிரைண்டர் ஏதாவது பழுதாகி ஆடுகிறதா என்று கேட்டுப் போனார். கோமதி, “ஆமா, பழசு. பெல்ட் லூசாயிடுச்சு” என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

158. ஆட்டம்: 40 நிமிடம்.

இன்று நாலாவது பாட்டைப் போட்டேன். நித்திலா பள்ளிக்குக் கிளம்பி, ஒரு காலில் ஷூவோடு நின்று பார்த்தாள். பாட்டு முடிந்ததும் திரையில் நூற்றுக்கு நூறு. “செம! அடி தூள்!” என்று வாட்ச்மேன் அலறினார்.

“அப்பா. இது உலகத்துலயே யாருக்கும் வந்ததில்ல. பவன் அண்ணாவுக்கே பதினாலுதான் வந்துச்சு.”

“ஏதோ கால் போற போக்குல போச்சு.”

“திரும்ப ஆடு. நான் படம் எடுக்கறேன்.”

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நல்ல சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

160. விடுமுறை. ஆட்டம்: 1 மணி நேரம்.

நித்திலா போட்ட வீடியோவை மூன்று நாளில் நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் ‘கேப் மாமா’ என்று பெயர். “ரெஜினா கேப்பையே தாண்டிய தெய்வமே”, “மாமாவோட தொப்பை மட்டும் தாளத்துக்குச் சரியா ஆடுது” என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதை எழுதியவனை மன்னித்துவிட்டேன். நேற்று கல்லூரி முதல்வர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கைகொடுத்து, கூட நின்று படம் எடுத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னை “ஆபீஸ்ல கேளுங்க” என்று மற்றவர்களுக்குக் கைகாட்டித்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஆனந்தமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நான்கு மணிக்கு ஒரு தடவை, நான்கரைக்கு ஒரு தடவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

163. ஆட்டம்: 30 நிமிடம்.

நித்திலாவுக்கு இரண்டு சந்தேகங்கள். எதற்கு இந்தப் பெண்ணை அறிவியல் பிரிவில் சேர்த்தோமோ.

ஒன்று: “மத்த பாட்டுல எல்லாம் அம்பதும் அறுபதும்தான் வாங்கற. நாலு, ஏழு, ஒன்பதுல மட்டும் எப்படிப்பா நூறு? அந்த மூணும்தானே கெட்டுப்போன பாட்டு?”

கஷ்டமான பாட்டு என்றால் எனக்குக் கவனம் கூடும் என்றேன்.

இரண்டு: “பேர் லிஸ்ட்ல ‘தாள அமைப்பு: பீட் மாஸ்டர் வி’ன்னு போட்டிருக்கு. அது யாரு?”

“யாரோ பாவம்.”

“வி-ன்னா வைத்தீஸ்வரனா?”

“விஜயகுமாரா இருக்கும். விநாயகமா இருக்கும். ஊர்ல வி-க்கா பஞ்சம்?”

காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமதியின் கத்திச் சத்தம் ஒரு நிமிடம் நின்றது. நான் மிருதங்கம் கற்றுக்கொண்டவன் என்பது அவளுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது அதைத்தான் பெருமையாகச் சொன்னோம்.

ஆகஸ்ட் 20, புதன்

176.

பவனே போன் செய்தான். வருகிற 31-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரலை. நான் வீட்டிலிருந்தே ஆட வேண்டும். “இன்னொரு சர்ப்ரைஸ் சார். ரெஜினாக்காவையே கண்டுபிடிச்சுட்டோம்! தூத்துக்குடில ஹார்டுவேர் கடை வச்சிருக்காங்க. ரெண்டு பேரையும் ஒரே ஸ்கிரீன்ல உட்கார வைக்கறோம். கேப் போட்டவங்க, கேப்பைத் தாண்டினவர். செமையா இருக்கும்ல?”

“ரொம்ப சந்தோஷம் தம்பி” என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

189. மனநிலை: நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

184. ஆட்டம்: இல்லை.

இந்த நோட்டை டாக்டரிடம் காட்டப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவருக்கு வேறு நோட்டு வாங்கி 140, 138 என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அதனால் இனி இதில் உண்மையை எழுதுவதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

பீட் மாஸ்டர் வி நான்தான். இருபத்தேழு வயது. பதினோரு வருடம் மிருதங்கம் கற்றுவிட்டு, ஒரு சபாவிலும் கூப்பிடாமல், கோடம்பாக்கத்தில் முறுக்குக் கடை மாடியில் இருந்த சிலந்தி சாஃப்டில் அம்பு போடும் வேலைக்குச் சேர்ந்தேன். குத்துப் பாட்டுக்கு அம்பு போடுகிறான் என்று என் குருநாதருக்குத் தெரிந்தால் வீட்டு வாசலில் நிற்கவிடமாட்டார். அதனால்தான் அந்தக் கள்ளப் பெயர்.

வேலை இதுதான். பாட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கேட்டு, தொடையில் தாளம் போட்டு, எந்த எண்ணிக்கையில் எந்த அம்பு என்று நீள நோட்டில் பென்சிலால் எழுத வேண்டும். அதை ரெஜினா அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றுவார். முதலாளிக்கு நாலு, ஏழு, ஒன்பது பாட்டுகள் கொஞ்சம் கச்சேரி வாசனையோடு இருக்க வேண்டும் என்று ஆசை. அந்த மூன்றிலும் முதலில் கொட்டு விழும். அரை எண்ணிக்கை கழித்துத்தான் பாடுகிறவர் வாயைத் திறப்பார். இதை நாங்கள் எடுப்பு என்போம். கச்சேரியில் எனக்கு எப்போதும் பயம் எடுப்பில்தான். பாடகர் எடுக்கிற இடத்தில் கைபோய் விழ வேண்டுமே என்று அதையே கவனித்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தில், பாட்டு எடுக்கிற இடத்தையே ஒன்று என்று எழுதி அங்கிருந்து கடைசி வரை எண்ணிக்கொண்டு போய்விட்டேன். கேட்கிறவனின் கால் போவதோ கொட்டோடு. மூன்று பாட்டிலும் எல்லா அம்புகளும் அரை எண்ணிக்கை தள்ளிப்போயின. மிருதங்கம் தெரியாதவன் யாராவது எழுதியிருந்தால் கொட்டைக் கேட்டு ஒழுங்காக எழுதியிருப்பான்.

ரெஜினா கண்டுபிடித்தார். நோட்டோடு வந்து, “வைத்தி, நாலாவது பாட்டுல அம்பு தள்ளி விழுது. உங்க எண்ணிக்கையை ஒரு தடவை பாத்துருங்களேன்” என்றார். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. “பதினோரு வருஷம் மிருதங்கம் வாசிச்சவன்ங்க. எனக்குத் தாளம் தப்பாது. உங்க கம்ப்யூட்டர்தான் இழுக்குது” என்றேன்.

முதலாளி நம்பினார். ரெஜினாவும் நம்பிவிட்டார்.

ஒன்பது நாள் தன் புரோகிராமில் இல்லாத தப்பைத் தேடினார். பிரிண்ட் எடுத்து வரி வரியாக டிக் போட்டுக்கொண்டே வருவார். கடைசிப் பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போவார். அதற்குள் சிடி அச்சுக்குப் போகும் நாள் வந்துவிட்டது. வாங்கினவர்கள் எல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் ரெஜினாவைப் பார்த்து, “உன்னால என் கம்பெனியே போச்சு” என்று கத்தினார். ரெஜினா பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான்கு மாதத்தில் கம்பெனியை மூடினார்கள்.

இவ்வளவும் தெரியாமல் நடந்த தப்பு என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். கை வலிக்கிறது. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

181.

எழுத நேரமில்லை. இஸ்திரிக்குத் துணி கொடுத்தேன். மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி மாற்றினேன். பவனுக்கு, இடுப்புப் பிடித்துக்கொண்டது, வர முடியாது என்று ஒரு செய்தி தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. நான் போகாவிட்டாலும் ரெஜினா வருவார். ஆறு லட்சம் பேருக்கு முன்னால் தனியாக உட்கார வைத்துக் கேலி செய்வார்கள். நான் போனால் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேலி செய்வார்கள். இதில் எது நல்லது என்று பார்த்தேன், எனக்கு எது நல்லது என்றுதான் மனசு பார்க்கிறது.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

சர்க்கரை பார்க்கவில்லை. கொழுக்கட்டை: ஐந்து.

நித்திலா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கோமதி பிள்ளையாருக்கு எருக்க மாலை கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நூலைப் பல்லால் அறுத்துவிட்டுக் கேட்டாள்.

“அந்தம்மா ஒன்பது நாள் தேடினாங்கன்னு சொல்றீங்களே. உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது, தப்பு உங்களோடதுன்னு?”

இதைத்தான் 24-ஆம் தேதி எழுத நேரமில்லாமல் போனது.

“ரெண்டாம் நாள். பஸ்ல வரும்போது தொடையில தட்டிப் பார்த்தேன். தெரிஞ்சுடுச்சு.”

“அப்போ எட்டு நாள் நீங்க என்ன பண்ணீங்க?”

“சும்மா இருந்தேன். சரிபண்ண ரப்பரும் பென்சிலும் அரை மணி நேரமும் போதும். ஆனா தாளம் தப்பாதுன்னு அவ்வளவு பெரிசா சொல்லிட்டேன் இல்லையா... தினமும் டீ வாங்கிக் கொடுத்தேன்.”

“அவங்களுக்கா?”

“ஆமா.”

கோமதி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சாப்பாடு போடும்போதுதான் வாயைத் திறந்தாள். “ஞாயித்துக்கிழமை உங்க வாயால வரணும். நான் நித்திலாகிட்டகூடச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எடுத்துக் குடுக்கவும் மாட்டேன்.”

ஐந்து கொழுக்கட்டை அதற்குப் பிறகு சாப்பிட்டதுதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

197.

பவனிடம் எண் வாங்கி ரெஜினாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே வைத்துவிட்டேன். அவரே திருப்பிக் கூப்பிட்டார்.

“ஹலோ, யாருங்க? கூப்பிட்டிருந்தீங்களே. பெயிண்டா, பைப்பா?”

அதே குரல். கொஞ்சம் கனத்திருந்தது. நான், “அரை இஞ்சு பைப் என்ன விலை?” என்று கேட்டேன். எத்தனை அடி, எந்தப் பக்கம் வீடு என்றெல்லாம் பொறுமையாக விசாரித்தார். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு பைப் விசாரித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாற்பத்தாறு வயது ஆகிறது எனக்கு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சர்க்கரை பார்க்கும் ஊசியைத் தொடவே இல்லை.

பதினொரு மணி. கூடத்தில் பாயை விரித்து, சோபாவை நகர்த்தி, நித்திலா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோமதி சமையலறை வாசலில். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டத்தில் பவன், ஒரு கட்டத்தில் நான், மூன்றாவதில் ரெஜினா. பின்னால் பெயிண்ட் டப்பா அடுக்கு. முன்நெற்றியில் நரை. பட்டுப் புடவை கட்டியிருந்தார். கேலி செய்யப் போகிறார்கள் என்று தெரியாமலா, தெரிந்தேவா, எனக்குப் புரியவில்லை.

அவர் என் கட்டத்தை உற்றுப் பார்த்தார். “வைத்தியா? வைத்திதானே?”

“ஆமா ரெஜினா.”

பவனுக்குத் தலைகால் புரியவில்லை. “ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியுமா?”

“ஒண்ணா வேலை பாத்தோம் தம்பி. நல்ல மனுசன். நான் தப்பைத் தேடிக்கிட்டுக் கெடந்தேன்லா, அப்ப ஒருத்தரும் ஏன்னு கேக்கல. இவருதான் தினமும் டீ வாங்கிக் குடுப்பாரு.”

சமையலறை வாசலைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். பவன், “மாமா, நாலாவது பாட்டு!” என்று கத்தினான். நான் பாயில் ஏறினேன். ஆம், ஆடினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். நூற்றுக்கு நூறு. ஆடும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. “அடி தூள்!” என்றார் வாட்ச்மேன்.

“பாத்தீங்களா அக்கா, உங்க கேப்பை எப்படித் தாண்டிட்டாரு!” என்றான் பவன். கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புப் படங்கள் ஓடின.

ரெஜினாவும் சிரித்தார். பிறகு கையைக் கூப்பினார். “நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன் தம்பி. அந்த சிடி வாங்கின எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிடுதேன். பிள்ளைகளுக்குன்னு ஆசையா வாங்கிருப்பீங்க.” குனிந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் மடங்கிப் பழுப்பேறியிருந்தது. “நான் எழுதின புரோகிராம். வருசா வருசம் பெரிய வெள்ளிக்குக் கடை லீவு. அன்னைக்கு உக்காந்து முதல்ல இருந்து பாப்பேன். பத்தொம்பது வருசமாச்சு, எங்க தப்பு விட்டேன்னு இன்னும் தெரியல. இப்ப உள்ள பிள்ளைக யாராவது பாத்துச் சொல்லுங்க.”

ஒவ்வொரு வரியிலும் டிக் இருந்தது. நீலம், கறுப்பு, பச்சை என்று ஒன்றின் மேல் ஒன்றாக டிக்.

எனக்கு ஆடியதில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “அது... உங்க தப்பு... இல்ல” என்றேன். “சார், உக்காருங்க, தண்ணி குடிங்க” என்று பவன் பதறினான். எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துவிட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அதை டான்ஸ் என்று நினைத்து நாலு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். இப்படியொரு ஒப்புதல் வாக்குமூலம் உலகத்தில் யாருக்கும் வாய்த்திருக்காது.

மூச்சு சரியானதும் சொன்னேன். “அம்பு போட்டது நான். பீட் மாஸ்டர் வி நான்தான். எடுப்புல இருந்து தப்பா எண்ணிட்டேன். அதனாலதான் எனக்கு மட்டும் நூறு வருது. நான் போட்ட தப்பு என் காலுக்குத் தெரியும். ரெஜினா, நீங்க தேட ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் டீ வாங்கிக் கொடுத்தேன்.”

ரெஜினா காகிதக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவர் கட்டத்தில் பெயிண்ட் டப்பாக்கள் மட்டும் இருந்தன.

நித்திலா போனைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதுவரை என்னிடம் பேசவில்லை. கோமதி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

செப்டம்பர் 1, திங்கள்

174.

பவன் பழைய வீடியோவில் பெயரை மாற்றிவிட்டான். இப்போது அது ‘வைத்தி கேப்’. என்னைத் திட்டி எழுதியிருப்பதை எல்லாம் படித்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் திட்டியிருக்கிறார்கள். முதல்வர் மறுபடியும் என்னை “ஆபீஸ்ல கேளுங்க” என்று கைகாட்ட ஆரம்பித்துவிட்டார்.

காலையில் நித்திலா பஸ் ஏறும் முன் கேட்டாள். “அவங்க உன்னை நல்ல மனுஷன்னு சொன்னாங்களேப்பா. அப்போ எப்படி இருந்துச்சு உனக்கு?”

“அசிங்கமா இருந்துச்சு” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ரெஜினாவுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மத்தியானம் மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டார். அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க, எழுந்து படிக்கட்டுக்குப் போனேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அது இருக்கட்டும்” என்றார். “நான் கேக்குததுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. என் புரோகிராம்ல தப்பு இருந்துச்சா?”

“இல்ல ரெஜினா. ஒரு வரிகூடத் தப்பில்ல.”

“இருங்க. ஸ்பீக்கர்ல போடுதேன். இவுக பக்கத்துல இருக்காக. இவுககிட்ட சொல்லுங்க.”

அவர் கணவரிடம் சொன்னேன். அவர் ம் என்றார்.

“எங்கம்மை இருக்கா. காது கேக்காது. சத்தமாச் சொல்லுங்க.”

படிக்கட்டில் நின்று, கல்லூரியே கேட்கும்படி, “ரெஜினா எழுதினதுல தப்பே இல்லம்மா!” என்று கத்தினேன். மேலே வகுப்பறையிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. இப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். கொழுந்தனார், கடையில் பில் போடுகிற பெண், பெயிண்ட் வாங்க வந்த யாரோ ஒருவர். அவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ரெஜினா அடுத்த ஆளைத் தேடிக்கொண்டே இருந்தார்.

பிறகு அந்தப் பக்கம் யாரோ பையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“எம்மக ஜோஸ்லின் ஸ்கூல்ல இருந்து வந்துட்டா. பிளஸ் டூ படிக்கா. கம்ப்யூட்டர் குரூப்தான் வேணும்னு ரெண்டு நாளு சாப்பிடாமக் கெடந்தா வைத்தி. நமக்கெல்லாம் அது வராதுட்டி, உங்கம்மைக்கே வரலன்னு சொல்லி, நான்தான் காமர்ஸ்ல கொண்டு போய்ச் சேத்தேன். அவகிட்டயும் சொல்லுங்க.”

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“சொல்லுங்க வைத்தி.”

“அம்மா ஜோஸ்லின்... உங்கம்மா எழுதின புரோகிராம் முழுக்கச் சரி. தப்பு செஞ்சது நான். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்.”

அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போனிலிருந்து தள்ளி, தன் அம்மாவிடம் சொல்வது மட்டும் கேட்டது.

“அப்போ ஒனக்கு வந்திருக்குல்லாம்மா.”

ரெஜினா அழ ஆரம்பித்தார். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் யாரோ அதை அணைத்தார்கள்.